சாந்தோம் மணலில் ஒரு பகல்

காசி ராமேசுவரத்துக்கு யாத்திரை போகிறவர்கள் உண்டு. பதரிநாத்துக்குப் போய்த் திரும்பி வந்து, அந்தக் குளிரைப் பற்றி ஆறு மாத காலம் அண்டை அயலாருக்குச் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. வேளச்சேரியிலிருந்து சாந்தோமுக்கு யாத்திரை போகிறவர்களைப் பற்றி மட்டும் நேயர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சென்ற தை மாதத்தில் அத்தகைய யாத்திரை ஒன்றை நாம் இனிது நடத்தி முடித்தோம். பத்திரிகைகளில் "நாம்" என்று எழுதினால் பெரும்பாலும் அது தனி ஆள் ஒருவரைத்தான் குறிக்கும். இந்தத் தடவை மெய்யாகவே இரண்டு பேர். மற்றவர் நமது சகதர்மிணி.

1982இல் நமக்கு விவாகம் ஆன புதிதில் சாந்தோமில் ஒண்டுக் குடித்தனம் இருந்தோம். ஓர் அறை, அதன் மூலையில் சமையல், ஐந்து குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு கிணறு. புருஷனும் மனைவியும் ஒரு வார்த்தை பேசினால் மற்ற நாலு குடித்தனத்துக்கும் அது தெளிவாகக் கேட்கும். அவர்களில் ஒரு பாட்டி மறுநாள் காலையில் அதற்குப் பதிலும் சொல்லிவிடுவாள். ஆகவே பேச வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு மாலையில் கடற்கரைக்குப் போய்விடுவோம். சம்பளம் போதாத கதை, ஊரிலிருந்து வந்த கடிதம், முதல் குழந்தைக்கு யாருடைய பெயரை வைப்பது என்ற பெரும் வழக்கு எல்லாம் அலைச் சத்தத்தின் பாதுகாப்பில்தான் தீர்மானமாயின. வீட்டில் இல்லாத கூடமும் முற்றமும் நமக்கு அங்கே இருந்தன. வாடகையும் கிடையாது.

பிறகு வேளச்சேரிக்குக் குடிபோனோம். சாந்தோம் பக்கம் அடியோடு போகாமல் இருந்தோம் என்பதில்லை. கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் அவசரமாகப் போய் அவசரமாகத் திரும்புவோம். ஆனால் ஒரு வேலையும் இல்லாமல், சாவகாசமாக, பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரையில் அங்கே இருந்து ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆகிவிட்டது. "ஊட்டிக்குப் போகலாம், கொடைக்கானலுக்குப் போகலாம் என்று வருஷா வருஷம் சொல்கிறீர்கள். பழைய இடத்துக்கு ஒரு நாள் அழைத்துக்கொண்டு போகக் கூடாதா?" என்று நம் இல்லாள் கேட்டாள். செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்து, அவளுடைய யோசனை மிகச் சிறந்தது என்று உடனே ஒப்புக்கொண்டோம்.

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, 'கலங்கரை விளக்கம்' ஸ்டேஷனில் இறங்கும்போது மணி ஆறேகால். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கறுத்துத் தேங்கிக் கிடப்பதுதான் பக்கிங்ஹாம் கால்வாய். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு முன் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவது நியாயம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தப் பகுதியை வெட்டியவர்கள், 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினியாய்க் கிடந்த ஜனங்கள். பஞ்ச நிவாரணக் கூலிக்காக அவர்கள் மண் சுமந்தார்கள். வாய்க்காலுக்குப் பெயர் மட்டும் அப்போதைய கவர்னரான பக்கிங்ஹாம் பிரபுவுக்குப் போயிற்று. அதன் பிறகு வெகுகாலம் விறகும் உப்பும் படகில் ஏறி இதன் வழியே பட்டணத்துக்கு வந்தன. இப்போது அதன் நெடுகிலும் தூண்களை நட்டு மேலே ரயிலை விட்டிருக்கிறார்கள். படகு போவதற்கு இனி வழி இல்லை.

கடற்கரைச் சாலை மூலைக்கு வந்ததும் இல்லாளின் நடை தானாகவே மெதுவாயிற்று. அங்கேதான் ராணி மேரிக் கல்லூரி இருக்கிறது. அவள் அங்கே படித்தவள். 1914இல் சென்னையில் பெண்களுக்கென்று ஏற்பட்ட முதல் கல்லூரி அது. முதல் தலைவி டி லா ஹே என்னும் ஆங்கில மாது. இதே சாலையில் சற்று வடக்கே இருக்கும் ஐஸ் ஹவுஸைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842இல் கட்டிய வீடு அது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். அப்புறம் சகோதரி சுப்புலட்சுமி, தாமும் பாலிய விதவையாக இருந்தவர், இளம் விதவைகளை அங்கே வைத்துக் காப்பாற்றிப் படிக்க வைத்தார். சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் ஹிந்துப் பெண்மணி அவர்தாம். பெண்கள் தலைநிமிர்ந்து நடப்பதற்கு இந்தக் கடற்காற்று எப்படியோ உதவியிருக்கிறது!

2003இல் இந்தக் கல்லூரிக் கட்டடங்களை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டுவது என்று அரசாங்கத்தில் முடிவு செய்தார்கள். மாணவிகள் வெளியேற மறுத்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். பழைய மாணவிகள் பலர் வாசலுக்கு வந்து கூடினார்கள். நம் இல்லாளும் அன்று அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்பட்டவள்தான். வேளச்சேரியில் நாம் ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டோம். பிற்பாடு திட்டம் கைவிடப்பட்டது. வெளிக்கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். காவற்காரர், "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். "யாரையும் இல்லை, மரங்களைத்தான் பார்க்கிறேன்" என்றாள். அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ, வாய் பேசாமல் ஒதுங்கிப் போனார்.

தெற்கே திரும்பி, கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, லூப் ரோடு வழியாக நொச்சிக்குப்பத்துக்கு நடந்தோம். படகுகள் கரையேறும் சமயம். புது மணப்பெண்ணும் மாப்பிள்ளையுமாக நாம் பார்த்த காலத்தில் இந்தக் கரையெல்லாம் கட்டுமரமாகவே கிடக்கும். இலேசான மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். கரைக்கு வந்ததும் பிரித்து உலர்த்துவார்கள். உலகமெங்கும் இங்கிலீஷில் வழங்குகிற படகுப் பெயர் ஒன்று இந்தக் 'கட்டுமரம்' என்ற நம் சொல்லிலிருந்து போனதுதான். இப்போது மருந்துக்கு ஒன்றிரண்டு கட்டுமரம் கண்ணில் படலாம். மற்றவையெல்லாம் மோட்டார் வைத்த ஃபைபர் படகுகள். 2004 சுனாமியில் மரங்கள் போன பிறகு, உதவியாக வந்து சேர்ந்தவை பெரும்பாலும் இந்தப் படகுகளே.

வலையிலிருந்து மீனைப் பிரித்துப் போடுகிறவர்கள் ஆண்கள். அதை விலை கூறிப் பணமாக்குகிறவர்கள் பெண்கள். நாம் பார்த்த அளவில் குப்பத்தின் நிதிமந்திரி எப்போதும் ஸ்திரீதான். கூடையின் முன் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் நம் இல்லாளைப் பார்த்து, "இன்னாம்மா, சும்மா பாத்துக்கினே போறே? நெத்திலி பாரு, இப்பத்தான் கரை ஏறிச்சு" என்றாள்.

"நாள் முழுக்கச் சுற்றப் போகிறோம், ஆயா. வாங்கினால் எங்கே வைத்துக்கொள்வது?"

"அப்டீன்னா சாயங்காலமா வா. உனுக்குன்னு சங்கரா எடுத்து வெக்கிறேன்."

பேரம் இல்லாமலே சிநேகம் பிறந்துவிட்டது. லூப் ரோட்டில் 2024 ஆகஸ்டில் திறந்த புதிய மீன் அங்காடியைப் பற்றி இல்லாள் விசாரித்தாள். 350க்கு மேற்பட்ட கடைகள்; மேலே கூரை; தண்ணீர் வசதி; கழுவித் துடைத்தாற்போன்ற மேடை.

"மழைக்கு நல்லாத்தான் கீது. வெயிலு இல்லே, அதுவும் நல்லதுதான். ஆனா ரோட்டுல போறவங்கோ கண்ணுல மீன் படணும்மா. உள்ளாற குந்திக்கினா யாரு எறங்கி வர்றாங்கோ? அப்பால, வலைய எங்கே காயப் போடுறது, எங்கே குந்திப் பின்றது?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. 1985இன் இறுதியில், கடற்கரையை அழகுபடுத்த வேண்டும் என்று சொல்லி மணலில் கிடந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அதிகாரிகள் அப்புறப்படுத்தினார்கள். குப்பத்து ஜனங்கள் எதிர்த்தார்கள். முடிவில் போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்து, மீனவர் சிலர் உயிர் இழந்தார்கள். நாம் மாலைதோறும் உலாவிய மணல்தான்! 2000க்குப் பிறகு, கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கடலோரமாக ஒரு மேம்பாலச் சாலை போடும் யோசனை வந்தது. அதையும் குப்பங்கள் எதிர்த்தன. 2023 ஏப்ரலில், லூப் ரோட்டில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று ஹைகோர்ட்டு தானாகவே விஷயத்தை எடுத்துக்கொண்டு, சாலையோர மீன் கடைகள் அகற்றப்பட்டபோது, பெண்கள் மீனைச் சாலையிலே கொட்டி மறியல் செய்தார்கள். புதிய அங்காடி அதற்கு அடுத்த வருஷம் திறந்தது.

சாலையில் வண்டி போக வேண்டியதுதான். மீனுக்குக் கூரை வேண்டியதும்தான். இவற்றை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சாலை வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே குப்பம் இங்கே இருக்கிறது. பட்டணத்தார் கண்ணுக்குக் கடற்கரை என்பது சாயங்காலம் காற்று வாங்கும் இடம். மீனவர் வீட்டுக்கு அதுவே முற்றம், அதுவே தொழிற்சாலை. பத்தடிக்கு எட்டடி வீட்டுக்குள் வலை பின்ன முடியாது, படகு பழுது பார்க்க முடியாது, குழந்தைக்குத் தலை வார முடியாது. எல்லாம் மணலில்தான் நடந்தாக வேண்டும். ஒண்டுக் குடித்தனத்தில் ஐந்து வருஷம் வாழ்ந்த நமக்கு இது புரிவதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. வீட்டில் முற்றம் வைத்துக் கட்டியவர்கள் மற்றவர்களின் முற்றத்தை அழகுபடுத்தக் கிளம்பும்போது சற்று யோசித்துக் கிளம்பலாம் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

நிற்க. லூப் ரோட்டிலிருந்து பார்த்தாலே சாந்தோம் கோயிலின் வெள்ளைக் கோபுரம் தெரியும். 155 அடி உயரம். அந்த நாளில் நமக்குக் கடிகாரம் அதன் மணிதான். வைதிகமான மயிலாப்பூர்க் குடும்பத்துப் பெண்ணாகிய நம் இல்லாள், சித்திரை வெயில் தாங்காமல், கைக்குழந்தையோடு இந்த மாதா கோயிலின் கடைசிப் பெஞ்சியில் எத்தனையோ மத்தியானங்கள் உட்கார்ந்திருக்கிறாள். யாரும் ஒரு நாளும் "நீ யார்?" என்று கேட்டதில்லை.

ஏசுநாதரின் சீடரான தோமையார் இங்கே அடக்கமானார் என்பது மிகப் பழைய நம்பிக்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவே இந்தச் சமாதியைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் வந்து, சமாதியின்மேல் ஒரு கோயில் எழுப்பி, ஊருக்கும் 'சான் தோம்' என்று பெயரிட்டார்கள். அவர்களுக்குப் பிறகு கோல்கொண்டாப் படையும், பிரெஞ்சுக்காரரும், டச்சுக்காரரும் வந்து இதற்காகச் சண்டையிட்டுப் போனார்கள். 1749இல் இங்கிலீஷ்காரர் கைக்கு வந்தது. ஒரு மைல் மணலுக்கு இத்தனை ராஜாக்கள்! இப்போது நாம் பார்க்கும் கட்டடம் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டி 1896இல் திறந்தது. 1956இல் போப்பாண்டவர் இதற்குப் 'பசிலிக்கா' என்ற அந்தஸ்து அளித்தார். 1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் இங்கே வந்து வழிபட்டார். அன்று சாந்தோம் நெடுஞ்சாலையில் ஊசி போட இடம் இல்லை. மூத்த பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு நாமும் அந்தக் கூட்டத்தில் நின்றோம். வெள்ளைத் துணி ஒன்று தூரத்தில் அசைந்தது. அது போப்பாண்டவரா, யாராவது வீட்டு மொட்டைமாடித் துணியா என்பதில் தம்பதிகளுக்குள் இன்று வரை அபிப்பிராய பேதம் உண்டு.

கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்க்க ஒரு கம்பம் நிற்கிறது. தோமையார் நட்டது என்றும், அதைத் தாண்டிக் கடல் வராது என்றும் கரையோர ஜனங்கள் நம்புகிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது கோயிலுக்குச் சேதம் வரவில்லை; நம்பிக்கை இன்னும் வலுத்துவிட்டது. நாம் அந்தக் கம்பத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த இட்லியை மிளகாய்ப்பொடியோடு சாப்பிட்டோம்.

கபாலீசுவரர் கோயிலுக்கும் இந்தக் கரையோடு உறவு உண்டு. பழைய கபாலீச்சரம் கடலோரத்தில் இருந்தது என்பது மயிலைவாசிகளுக்கெல்லாம் தெரிந்த செய்தி. போர்த்துகீசியர் காலத்தில் இடிபட்டது என்கிறவர்கள் உண்டு; கடல் கொண்டது என்கிறவர்களும் உண்டு. இன்று குளத்தங்கரையில் நாம் தரிசிப்பது பிற்காலத்தில் உள்ளே தள்ளிக் கட்டிய கோயில். மாதா கோயிலின் சுற்றுப்புறத்தைத் தோண்டியபோது பழைய தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் அகப்பட்டிருக்கின்றன. திருஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் மயிலையின் திருவிழாக்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும்போது மாசிக் கடலாட்டையும் சொல்கிறார். சுவாமி இடம் மாறிவிட்டாரே தவிர, வழக்கத்தை விடவில்லை. இன்றைக்கும் மாசி மகத்தன்று கபாலீசுவரர் உள்ளிருந்து புறப்பட்டுக் கடலுக்கு வந்து தீர்த்தவாரி கண்டருளிப் போகிறார். பழைய வீட்டைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு நாள் அவர் வருகிறார். நாம் நாற்பது வருஷத்துக்கு ஒரு நாள் வருகிறோம். இதையும் சொன்னது நம் இல்லாள்தான்.

நமது பழைய வீட்டைத் தேடிப் போனோம். வீடு இல்லை. கிணறும் இல்லை. அந்த இடத்தில் நாலடுக்கு மாளிகை ஒன்று எழும்பி, கீழே மோட்டார்கள் நின்றன. இல்லாள் வாசலில் இரண்டு நிமிஷம் நின்று, கிணறு இருந்திருக்கக்கூடிய இடத்தில் ஒரு பெரிய வெள்ளை மோட்டார் நிற்பதாக நிர்ணயம் செய்தாள். அதற்குமேல் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கச்சேரி ரோடு வழியே மயிலாப்பூருக்குப் போய், வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு, திருக்குளப் படிக்கட்டு நிழலில் வெயில் தாழும் வரை உட்கார்ந்திருந்தோம்.

பிற்பகல் மூன்று மணிக்குமேல் கலங்கரை விளக்கம். சென்னைக்கு முதலில் 1796இல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் உச்சியில் விளக்கு ஏற்றினார்கள். 1844இல் பக்கத்திலேயே தனி ஸ்தம்பம் கட்டினார்கள். அது இன்றும் ஹைகோர்ட்டு எல்லைக்குள் நிற்கிறது. பிறகு ஹைகோர்ட்டுக் கோபுரமே 1894 முதல் விளக்கைச் சுமந்தது. 1977 ஜனவரியில் விளக்கு இந்த மெரீனாக் கோபுரத்துக்கு வந்து சேர்ந்தது. முக்கோண வடிவம், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை, உள்ளே லிப்ட். நமக்கு விவாகம் ஆகி அடுத்த வருஷம் இதன்மேல் ஏறிப் பார்த்தோம். 1991இல் ராஜீவ் காந்தி கொலையுண்ட பிறகு, பாதுகாப்பைக் கருதிப் பொதுமக்களுக்குக் கதவை அடைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்து, 2013 நவம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். 1991இல் பிறந்த குழந்தை கல்லூரிப் படிப்பை முடித்து வரும் வரையில், எதிரே நிற்கும் கோபுரத்தில் ஏற அதற்குக் கொடுத்து வைக்கவில்லை.

மேலே போனதும் காற்று புடவைத் தலைப்பைப் பறித்தது. வடக்கே துறைமுகம், கீழே மெரீனாவின் அகன்ற மணல், தெற்கே மாதா கோயில், பட்டினப்பாக்கம், அப்பால் அடையாற்றின் முகத்துவாரம். இந்த இடத்தில் நின்று பார்த்தால், புஸ்தகம் படிக்காமலே ஒரு விஷயம் விளங்கிவிடும். நாம் ஆதிகாலம் தொட்டு இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் மெரீனா மணல் அவ்வளவு பழையது அல்ல. துறைமுகம் இல்லாத காலத்தில் கடல் கோட்டைக்கு வெகு அருகே அலை அடித்துக்கொண்டிருந்தது. 1876இல் துறைமுக வேலை தொடங்கிற்று. 1881 புயலில் அலைச்சுவர்கள் பெயர்ந்துபோய், மறுபடி கட்டினார்கள். நமது கரையில் கடல் நீரோட்டம் வருஷத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும் இயல்புடையது. கல் சுவர் குறுக்கே வந்ததும் மணல் அங்கேயே நின்றுவிட்டது. தெற்கே திருவல்லிக்கேணி, மயிலை வரையில் கரை அகன்றது. கவர்னர் கிராண்ட் டப் 1880களில் அங்கே உலாவு பாதை அமைத்து 'மெரீனா' என்று பெயர் வைத்தார். வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் வர வேண்டிய மணல் வராமல் போகவே, கடல் வீடுகளையும் தெருக்களையும் தின்னத் தொடங்கி, கல்லைக் கொட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. நாம் இங்கே கால் புதையப் புதைய நடந்து காற்று வாங்கிய மணல், வடசென்னைக்காரருக்குப் போய்ச் சேர வேண்டிய மணல்!

இல்லாள் வடக்கே பார்க்கவில்லை. கீழே மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். "அன்றைக்கும் இப்படித்தானே ஆடிக்கொண்டிருந்திருப்பார்கள்?" என்றாள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை உலாவ வந்தவர்களும், விளையாட வந்த பிள்ளைகளும், கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்களும் அலைக்கு இரையானார்கள். பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே சீனிவாசபுரத்தில் அழிவு மிக அதிகம். அது கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே மாட்டிக்கொண்ட இடம். லிப்டில் இறங்கும்போது இருவரும் ஒன்றும் பேசவில்லை.

வெயில் சாயும் வேளையில் ஓர் ஆட்டோ பிடித்து அந்தச் சீனிவாசபுரத்துக்கே போனோம். மெரீனாவில் கூட்டத்தோடு உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் நமது பழைய இடங்களுள் தலையாயது இதுதான்: அடையாறு கடலோடு கலக்கும் முனை. ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் ஒரு பொட்டலம் கடலையோடு இங்கே வந்து, அக்கரையில் தெரியும் உடைந்த பாலத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். மீனவர்கள் இக்கரையிலிருந்து அக்கரை போய்வருவதற்காக 1967இல் கட்டிய பாலம் அது. பத்து வருஷம்தான் உழைத்தது. 1977இல் வெள்ளம் அதை முறித்துவிட்டது. அதன் பிறகு யாரும் அதை ஒட்டவும் இல்லை, இடிக்கவும் இல்லை. சினிமாக்காரர்களுக்கு மட்டும் அதன்மேல் அபாரப் பிரியம். காதலர் பிரிய வேண்டுமானாலும், முரடர்கள் அடித்துக்கொள்ள வேண்டுமானாலும் அந்தப் பாலத்துக்குத்தான் வருவார்கள். உண்மையில் பாலம் வேண்டியிருந்த குப்பத்தார், பெசன்ட் நகர்ப் பக்கம் போக இன்றும் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

முனை நாம் பார்த்த இடத்தில் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரை புரண்டு வந்து முகத்துவாரத்தை அகலமாக அறுத்துக்கொண்டு போயிற்று. பிறகு மணல் மெல்ல வந்து மூடிற்று, மறுபடி திறந்தது. சமீப வருஷங்களில் கடலும் இந்தப் பக்கம் கரையை அரித்து, முன் வரிசை வீடுகள் சிலவற்றைக் கொண்டுபோய்விட்டது. சுவர் பாதி நின்ற வீடு ஒன்றில், நிலைப்படி மட்டும் கடலைப் பார்த்துத் திறந்து கிடந்தது. படிக்கட்டில் ஒரு சிறுமி உட்கார்ந்து பாடப்புத்தகத்தைச் சத்தம் போட்டு நெட்டுருச் செய்துகொண்டிருந்தாள். அவள் தாய் பக்கத்தில் வலை பின்னினாள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு பெரியவர் வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்தார். நாலு தடவை வீசியதில் விரல் நீள மீன் ஏழெட்டுத்தான் கிடைத்தது. அவருக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. கரைக்கு வந்து வலையை உதறும்போது நம்மைப் பார்த்து, "இன்னா, அந்தாண்ட போவணுமா?" என்று பாலத்தைக் காட்டிக் கேட்டார்.

"போக வழி உண்டா, ஐயா?" என்று இல்லாள் கேட்டாள்.

"இப்ப ஏது? தண்ணி ஓடுது, ஆளையே இஸ்துக்கினு பூடும். பங்குனியில வா, தாயி. மணலு வந்து வாயை அடைச்சிரும். அப்ப நடந்தே போவலாம். சில வருசம் அடைக்கும், சில வருசம் அடைக்காது. வந்து பாரு."

அவர் போன பிறகும் அவள் அக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சூரியன் நமக்குப் பின்னால் ஊர்ப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தான். பாலத்தின் முறிந்த முனையில் யாரோ இரண்டு பேர் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. புருஷனா பெண்சாதியா, சிநேகிதர்களா, இவ்வளவு தூரத்தில் சொல்ல முடியவில்லை.

"சங்கராவை எடுத்து வைக்கிறேன் என்றாளே அந்த ஆயா, கடை கட்டியிருப்பாளா?" என்றோம்.

"அதுக்குத்தான் புறப்படலாம் என்கிறேன்" என்றாள் இல்லாள். பிறகு விரலை மடக்கிக் கணக்குப் பார்த்து, "பங்குனிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது" என்றாள்.